படத்துக்கு 5.1 வருகிறது, கேமுக்கு வரவில்லை: எங்கே தேடுவது?

மொட்டைமாடி | சனி, இரவு 10:12

வணக்கம். மூன்று வாரமாக இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். யாராவது வழி சொன்னால் பெரிய உதவி.

மாமா வீடு மாறும்போது அவருடைய பழைய ஏவி ரிசீவரையும் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி), ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்ஊஃபரையும், அதாவது 5.1 செட்டை, எனக்கே கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ. மதர்போர்டின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ரிசீவருக்கு ஒரு கேபிள். அவ்வளவுதான் இணைப்பு. டிவிடி படம் போட்டால் அருமையாக இருக்கிறது. ரிசீவர் முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்று வரும், மழைக் காட்சியில் முதுகுக்குப் பின்னால் மழை பெய்யும். அதே நாற்காலியில் உட்கார்ந்து கேமைத் திறந்தால் முகப்பில் 'பிசிஎம்' என்று மாறிவிடுகிறது. சத்தம் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரோடு சரி. பின்னால் ஓடிவருகிறவனின் காலடிகூட முன்னாலிருந்துதான் கேட்கிறது. திரும்பிப் பார்ப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

ஒரு கடையில் கேட்டேன். பின் ஸ்பீக்கர் வயர் போய்விட்டது என்றார்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து 20 மீட்டர் புது வயர் வாங்கி மாற்றிவிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. விண்டோஸ் 11இல் 'கான்ஃபிகர்' அழுத்தினால் ஸ்டீரியோ மட்டும்தான் காட்டுகிறது, 5.1 என்ற வரியே இல்லை.

படத்துக்கு வருகிறது, கேமுக்கு வரவில்லை என்றால் கேமில்தானே கோளாறு? ஆனால் நான்கு கேம் பார்த்துவிட்டேன், நான்கிலும் இதே கதை.

வடக்குவீதி | சனி, இரவு 10:40

ரிசீவர் ரிமோட்டில் சரவுண்ட் மோடு இருக்கும் பாருங்கள். 'ஆல் சேனல் ஸ்டீரியோ' என்று வைத்தால் எல்லா ஸ்பீக்கரிலும் சத்தம் வந்துவிடும்.

மொட்டைமாடி | சனி, இரவு 11:05

வைத்துப் பார்த்தேன் நண்பரே. எல்லா ஸ்பீக்கரும் பாடுகிறது, உண்மைதான். ஆனால் இப்போது காலடியும் எல்லாத் திசையிலிருந்தும் கேட்கிறது. எந்தப் பக்கம் என்றே பிடிபடவில்லை. முன்பாவது இடமா வலமா என்று தெரிந்தது.

காதோரம் | ஞாயிறு, காலை 7:30

மொட்டைமாடி தம்பி, முதலில் அந்த மோடை எடுத்துவிடுங்கள். சிக்கலைத் தேடும்போது இந்த மாதிரி மோடுகளும், டிரைவரில் இருக்கும் 'ஸ்பீக்கர் ஃபில்' வசதியும் அணைந்தே இருக்க வேண்டும். இரண்டு சேனலை ஆறாகப் பிரதி எடுத்துக் கொடுத்து, எல்லாம் சரியாகிவிட்டது என்ற எண்ணத்தைத் தந்துவிடும். எந்த ஸ்பீக்கருக்கு உண்மையில் என்ன போகிறது என்பது அப்புறம் தெரியவே தெரியாது.

உங்கள் ஸ்பீக்கர், வயர், கேம் எதிலும் கோளாறு இல்லை. உங்களுக்கான விடை முகப்பில் தெரியும் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது.

படத்தின் ஒலி ஸ்டுடியோவிலேயே ஆறு சேனலாகக் கலந்து, டால்பி டிஜிட்டலாகச் சுருக்கி, தட்டில் எழுதப்பட்டுவிட்டது. கம்ப்யூட்டர் அதைத் தொடுவதே இல்லை. கட்டிய பொட்டலத்தை அப்படியே கேபிள் வழியாகத் தள்ளிவிடுகிறது. பிரிப்பது ரிசீவரின் வேலை. கேமில் பொட்டலமே கிடையாது. நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்தந்த நொடியில் ஆறு சேனலும் உருவாகின்றன, சுருக்கப்படாத பிசிஎம் ஆக.

ஆப்டிகலுக்கு அந்த ஆறு சேனலைச் சுமக்க வழியில்லை. அந்த இணைப்பின் வடிவமைப்பிலேயே ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இரண்டு இருக்கைதான், ஒன்று இடம், இன்னொன்று வலம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவுக்கு நொடிக்குச் சுமார் 15 லட்சம் பிட். அதே தரத்தில் ஆறு சேனல் என்றால் 46 லட்சம். டிவிடியில் இருக்கும் டால்பி டிஜிட்டலோ அதிகபட்சம் 4.48 லட்சம் பிட்தான், இரண்டு இருக்கையிலேயே தாராளமாக அடங்கிவிடும். அதனால்தான் விண்டோஸ் உங்களுக்கு 5.1 என்ற வரியைக் காட்டவில்லை. இல்லாத வழியை அது காட்டாது.

வழி மூன்று இருக்கிறது. ஒன்று, கிராபிக்ஸ் கார்டிலிருந்து ரிசீவருக்கு நேராக எச்டிஎம்ஐ. 2002இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே எச்டிஎம்ஐ எட்டு சேனல் பிசிஎம் சுமக்கும். இரண்டு, மதர்போர்டின் 3.5 மிமீ ஜாக்குகளிலிருந்து ரிசீவரின் அனலாக் 5.1 இன்புட்டுக்கு மூன்று கேபிள், அந்த இன்புட் இருந்தால். மூன்று, கேமின் ஒலியை அப்போதைக்கப்போதே டால்பி டிஜிட்டலாகக் கட்டித்தரும் 'டால்பி டிஜிட்டல் லைவ்', அல்லது அதேபோல் டிடிஎஸ் ஆகக் கட்டித்தரும் 'டிடிஎஸ் கனெக்ட்'. இது எல்லா மதர்போர்டிலும் கிடையாது, உரிமம் வாங்கிய போர்டுகளிலும் சில சவுண்ட் கார்டுகளிலும்தான் இருக்கும். ஒலிக் கருவியின் பண்புகளில் 'அட்வான்ஸ்ட்' பக்கத்துக்குப் போய், ஃபார்மட் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் வோட்டு எச்டிஎம்ஐக்கு.

வடக்குவீதி | ஞாயிறு, காலை 9:15

காதோரம் அண்ணா, ஒரு சந்தேகம். ஒளி வழியாகப் போகிற கேபிளில் எப்படி இடம் போதாமல் போகும்? அப்புறம், என் நண்பன் வீட்டுக் கன்சோலில் ஆப்டிகல்தான் இருக்கிறது, அவன் கேமில் 5.1 கேட்கிறதே?

காதோரம் | ஞாயிறு, காலை 9:50

நல்ல கேள்வி. ஒளிக்கு வேகம் குறைவில்லை. ஆனால் தோஷிபா 1983இல் கொண்டுவந்த அந்த இணைப்பில் ஓடுவது சிடி காலத்து ஸ்டீரியோவுக்காக வகுத்த முறை. சாலை அகலமாக இருந்தாலும் ஓடுகிற வண்டிக்கு இரண்டு சீட்டுதான்.

கன்சோல் விஷயம், நான் சொன்ன மூன்றாவது வழியேதான். கன்சோலுக்குள்ளேயே கேமின் ஒலியை டால்பி டிஜிட்டலாகக் கட்டும் வேலை நடக்கிறது. 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸிலேயே அது இருந்தது. அதே காலத்தில் என்விடியாவின் என்ஃபோர்ஸ் மதர்போர்டுகளில் 'சவுண்ட்ஸ்டார்ம்' என்ற பெயரில் கம்ப்யூட்டருக்கும் வந்தது. பிறகு வந்த பெரும்பாலான போர்டுகள் அதை விட்டுவிட்டன. எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம்தான்.

நள்ளிரவுப்பறவை | ஞாயிறு, பகல் 12:20

மூன்றாவது வழியில் இரண்டு வருடம் விளையாடியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கதை சொல்லும் கேமுக்கு அது போதும். சுட்டு விளையாடும் கேமுக்குத் தாமதம் உறுத்தும். டால்பி டிஜிட்டல் ஒரு பொட்டலத்தைக் கட்ட 1536 சாம்பிள் சேர வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் அது 32 மில்லிசெகண்ட். அதாவது 60 ஃப்ரேமில் ஓடும் ஆட்டத்தில் கிட்டத்தட்ட இரண்டு ஃப்ரேம். இது கட்டுவதற்கு மட்டும். ரிசீவர் பிரிக்கும் நேரம் தனி. துப்பாக்கியில் நெருப்பு தெரிந்த பிறகு சத்தம் வருவது முதலில் தெரியாது, ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் காது அதையே பிடித்துக்கொள்ளும்.

மொட்டைமாடி | ஞாயிறு, மாலை 6:45

எல்லோருக்கும் நன்றி. அந்த ஃபார்மட் பட்டியலில் டால்பி பெயர் இல்லை, ஆகவே மூன்றாவது வழி மூடிவிட்டது. ரிசீவரில் அனலாக் இன்புட்டும் இல்லை. எச்டிஎம்ஐ இருக்கிறது, ஆனால் பழசு, அது வழியாக 4கே படம் போகாது. அதனால் கம்ப்யூட்டர் டிவியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும், ஏஆர்சி என்று எழுதிய ஓட்டையிலிருந்து ரிசீவருக்கு எச்டிஎம்ஐ போட்டேன். சத்தம் வருகிறது, விண்டோஸில் இன்னும் ஸ்டீரியோ மட்டும்தான். எச்டிஎம்ஐ எட்டு சேனல் சுமக்கும் என்றீர்களே அண்ணா?

காதோரம் | ஞாயிறு, மாலை 7:30

சுமக்கும் தம்பி, ஆனால் இப்போது நடுவில் டிவி உட்கார்ந்திருக்கிறது. இங்கே இரண்டு தடை.

முதலாவது, எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியவுடன் எதிர்முனையில் இருக்கும் கருவி 'என்னால் இவ்வளவு முடியும்' என்று ஒரு சீட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். இடிஐடி (EDID) என்பார்கள் அதை. உங்கள் கம்ப்யூட்டருக்கு எதிரே இருப்பது டிவி. டிவியில் இரண்டு ஸ்பீக்கர், ஆகவே அது 'ஸ்டீரியோ' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறது. பின்னால் ரிசீவர் இருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாவது, ஏஆர்சி சுமப்பதும் ஆப்டிகலின் அளவுதான். ஸ்டீரியோ பிசிஎம் அல்லது சுருக்கிய 5.1. சுருக்காத பல சேனலை டிவியிலிருந்து ரிசீவருக்குத் திருப்பி அனுப்ப ஏஆர்சியின் புதிய வடிவமான இஏஆர்சி வேண்டும். அது எச்டிஎம்ஐ 2.1 உடன் வந்தது. டிவி, ரிசீவர் இரண்டிலும் இருந்தால்தான் பயன். பழைய ரிசீவரில் இருக்க வாய்ப்பே இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். டிவிக்குப் போகும் கேபிளை அப்படியே விடுங்கள். கிராபிக்ஸ் கார்டில் காலியாக ஒரு டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும். அதிலிருந்து எச்டிஎம்ஐயாக மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்றைப் போட்டு நேராக ரிசீவருக்கு இழுங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டும் எட்டு சேனல் பிசிஎம் சுமக்கும். ரிசீவரை முதலில் ஆன் செய்யுங்கள், அப்புறம் கேபிளைச் செருகுங்கள்.

நள்ளிரவுப்பறவை | ஞாயிறு, இரவு 8:10

இதில் ஒரு தொல்லை வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் அந்த ரிசீவரை இரண்டாவது திரை என்று எடுத்துக்கொள்ளும். மவுஸ் அம்புக்குறி டிவியின் ஓரத்தைத் தாண்டி, இல்லாத திரைக்குள் போய் மறைந்துவிடும். அதைத் துண்டித்தால் ஒலியும் போய்விடும். 'டூப்ளிகேட்' என்று வைத்தால் டிவி பழைய ரிசீவரின் ரெசல்யூஷனுக்கு இறங்கிவிடக்கூடும். நான் 'எக்ஸ்டெண்ட்' வைத்துவிட்டு, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்த இரண்டாவது பெட்டியை இழுத்து, முதல் பெட்டியின் வலது கீழ் மூலையை மட்டும் தொடும்படி வைத்திருக்கிறேன். மூலை வழியாக மட்டுமே தப்ப முடியும் என்பதால் மவுஸ் தொலைவது நின்றுவிட்டது.

மொட்டைமாடி | செவ்வாய், இரவு 9:20

வந்துவிட்டது! அடாப்டர் இன்று மதியம்தான் கையில் கிடைத்தது. கான்ஃபிகர் பக்கத்தில் 5.1, 7.1 எல்லாம் வரிசையாக நிற்கின்றன. டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பீக்கராக மணி அடிக்கிறது, பின்னால் இரண்டும் உட்பட. அந்த மணியை இருபது தடவையாவது அடித்திருப்பேன்.

ஆனால் கேமில் இன்னும் ஸ்டீரியோதான். முகப்பில் 'மல்டி சேனல்' என்று வருகிறது, பின் ஸ்பீக்கர் மட்டும் ஊமை. இது என்ன?

காதோரம் | செவ்வாய், இரவு 9:45

பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். முகப்பு சொல்வது, வழி திறந்துவிட்டது என்று. அதில் கேம் எதை அனுப்புகிறது என்பது வேறு விஷயம்.

கேமைத் திறந்து வைத்துக்கொண்டு விண்டோஸில் மாற்றினீர்களா? பல கேம்கள் தொடங்கும்போது ஒரே ஒருமுறைதான் எத்தனை சேனல் என்று கேட்டுக்கொள்ளும். முழுதாக மூடிவிட்டு மறுபடி திறங்கள். அப்புறம் கேமின் ஆடியோ மெனுவில் 'ஹெட்போன்' என்று இருந்தால் 'ஹோம் தியேட்டர்' அல்லது 'சரவுண்ட்' ஆக்குங்கள். ஹெட்போன் என்று இருந்தால் அது வேண்டுமென்றே இரண்டாகக் கலந்து அனுப்பும். விண்டோஸில் 'ஸ்பேஷியல் சவுண்ட்' அணைந்திருக்கட்டும்.

இன்னொன்று. கான்ஃபிகர் பட்டியலில் '5.1 சரவுண்ட்' இரண்டு முறை வரலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் படத்தில் இரண்டு ஸ்பீக்கர் உங்கள் பக்கவாட்டில் இருக்கும், மற்றொன்றில் முதுகுக்குப் பின்னால். இரண்டும் வேறு வேறு சேனல். சில கேம்கள் பின் சேனலில் எழுதும், சில பக்கச் சேனலில். ஒன்றில் ஊமையாக இருந்தால் மற்றதைப் போட்டு, கேமை மூடித் திறந்து பாருங்கள்.

தறிச்சத்தம் | புதன், காலை 6:50

நான் இங்கே புதிது. என் சிக்கலும் இதே வகைதான் என்று நினைக்கிறேன், அதனால் இங்கேயே கேட்கிறேன். ரிசீவர் இல்லை, கம்ப்யூட்டருக்கென்றே வரும் 5.1 ஸ்பீக்கர் செட். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று ஜாக். கேமில் பாத்திரங்கள் பேசினால் சப்ஊஃபருக்குள்ளிருந்து, பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி கேட்கிறது. வெடிச் சத்தம் நடு ஸ்பீக்கரில் வந்து அது கரகரக்கிறது. என் மதர்போர்டில் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு ஓட்டைகள் மட்டும்தான் உள்ளன.

சீதாலட்சுமி_ஒலி | புதன், காலை 10:30

வணக்கம். டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறேன், இந்தச் சிக்கலை ஒரு தொலைவிலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

ஆரஞ்சு ஜாக் ஒன்றுதான், ஆனால் அதன் நுனியில் ஒரு சேனல், நடு வளையத்தில் இன்னொரு சேனல். ஒன்று சென்டர், மற்றது சப்ஊஃபர். எது எதில் என்பதில் ஸ்பீக்கர் செய்கிறவர்களும் போர்டு செய்கிறவர்களும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மாறிப்போனால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும், பேச்சு சப்ஊஃபரில், இடி சென்டரில். மதர்போர்டின் ஆடியோ கண்ட்ரோல் செயலியில் 'ஸ்வாப் சென்டர் / சப்ஊஃபர்' என்று ஒரு தேர்வு இருக்கும். ஒரு டிக், அவ்வளவுதான். உடனே செய்துவிடுங்கள் தம்பி, அந்தச் சின்ன சென்டர் ஸ்பீக்கருக்கு வெடிச் சத்தம் ஆகாது.

மூன்று ஓட்டை போர்டில் நீலம் பின் ஸ்பீக்கருக்கும், இளஞ்சிவப்பு சென்டர்-சப்ஊஃபருக்கும் வேலை மாறும். மாற்றிக்கொடுப்பது அந்த டிரைவர்தான். ஏதாவது அப்டேட்டுக்குப் பிறகு பொதுவான டிரைவர் வந்து உட்கார்ந்துவிட்டால் நீலம் மறுபடி லைன் இன், அதாவது ஒலியை உள்ளே வாங்கும் ஓட்டை ஆகிவிடும், பின் ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாகிவிடும். அப்போது போர்டு தயாரிப்பாளர் தளத்திலிருந்து டிரைவரை மறுபடி போடுங்கள். வயரைச் சந்தேகப்பட்டு வெட்டிவிடாதீர்கள்.

உங்களிடம் இருப்பது 5.1 என்றால் விண்டோஸில் 7.1 வைக்காதீர்கள். கேம் பக்கத்துக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பும். ஸ்பீக்கர் இல்லாத பக்கத்துக்குப் போன ஒலி அப்படியே காணாமல் போய்விடும்.

தறிச்சத்தம் | புதன், மதியம் 1:15

அக்கா, ஒரே டிக்கில் சரியாகிவிட்டது. எட்டு மாதமாக இந்தப் பானைப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப நன்றி.

வடக்குவீதி | புதன், இரவு 8:30

ஸ்பீக்கர் வைக்க இடமில்லாதவர்களுக்கு? நான் '7.1' என்று அட்டையில் போட்ட யுஎஸ்பி ஹெட்செட் வாங்கினேன். அதன் சொந்தச் செயலியில் 7.1 ஆன், விண்டோஸிலேயே வரும் ஹெட்போன் சரவுண்ட் வசதியான விண்டோஸ் சோனிக் ஆன், கேமில் எச்ஆர்டிஎஃப் ஆன். எல்லாம் ஆன் செய்தும் குகைக்குள் இருக்கிற மாதிரிதான் கேட்கிறது.

சீதாலட்சுமி_ஒலி | புதன், இரவு 9:05

எல்லாம் ஆன் செய்ததால்தான். உங்கள் ஹெட்செட்டில் இரண்டு காதுக்கும் ஒவ்வொரு ஒலிபெருக்கிதான் இருக்கும். 7.1 என்பது மென்பொருள் கணக்கு. வலப்பக்கச் சத்தம் இடக்காதுக்குக் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மங்கலாக வரும். காதுமடல் சில அலைவரிசைகளைக் குறைக்கும். அந்த அளவுகளைக் கணக்காக்கியதுதான் எச்ஆர்டிஎஃப். அதை ஒருமுறை செய்தால் திசை தெரியும். செய்ததன்மேல் மறுபடி, அதன்மேல் மறுபடி என்று மூன்று முறை செய்தால் மிஞ்சுவது எதிரொலி மட்டும்.

கேமிலேயே எச்ஆர்டிஎஃப் இருந்தால், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, வாலரன்ட் மாதிரி, அதை மட்டும் வையுங்கள். விண்டோஸில் ஸ்டீரியோ, மற்ற எல்லாம் அணையட்டும். கேமுக்குத்தான் ஒவ்வொரு ஒலியும் எந்த இடத்தில் பிறக்கிறது என்று துல்லியமாகத் தெரியும், மற்றவை கலந்து வந்த சேனலை வைத்து ஊகிப்பவை. கேமில் அந்த வசதி இல்லாமல் 5.1 அல்லது 7.1 மட்டும் இருந்தால் விண்டோஸ் சோனிக்கோ டால்பி அட்மாஸோ ஏதாவது ஒன்று.

ப்ளூடூத் ஹெட்செட் மைக்கோடு விளையாடுகிறவர்கள் திசையை மறந்துவிடலாம். மைக் ஆன் ஆனதும் பல ஹெட்செட்டுகள் தொலைபேசித் தரத்துக்கு, ஒரே சேனலுக்கு இறங்கிவிடும்.

பழையகேம்பெட்டி | புதன், இரவு 11:40

பழைய கேம் விளையாடுகிறவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இதில் பலர் வீணாகத் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். 2007க்கு முன் வந்த பல கேம்கள் விண்டோஸின் அன்றைய ஒலி இடைமுகமான டைரக்ட்சவுண்ட் 3டி வழியாகச் சவுண்ட் கார்டோடு நேராகப் பேசின. சவுண்ட் கார்டு நிறுவனமான கிரியேட்டிவின் ஈஏஎக்ஸ் என்ற எதிரொலி வசதி அதன்மேல்தான் நின்றது. கல் சுவர், நீண்ட நடை, குழாய்க்குள் போகும் எதிரொலி எல்லாம் அதில் அப்படி இருக்கும். விண்டோஸ் விஸ்டா ஒலி அமைப்பைப் புதிதாக எழுதியபோது அந்த நேர்வழி நீக்கப்பட்டது. அன்றிலிருந்து அந்த கேம்களில் மெனுவில் ஈஏஎக்ஸ் மங்கிக் கிடக்கும், பல கேம்களில் வெறும் ஸ்டீரியோதான் வரும். உங்கள் கேபிளை எத்தனை மாற்றினாலும் அது திரும்பாது.

கிரியேட்டிவ் கார்டு வைத்திருந்தால் 'ஆல்கெமி' என்ற அவர்களுடைய கருவி அந்தப் பேச்சை ஓபன்ஏஎல் என்ற வேறொரு ஒலி இடைமுகத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும். ஓபன்ஏஎல்லில் நேரடியாக எழுதப்பட்ட கேம்களுக்கு இந்தப் பாதிப்பே இல்லை. போன மாதம் ஒரு பழைய திகில் கேமை இப்படி மீட்டேன். கிடங்கு அறையிலிருந்து வராந்தாவுக்கு வந்ததும் காலடிச் சத்தத்தின் நிறமே மாறியது. கல்லூரி விடுதி அறைதான் நினைவுக்கு வந்தது.

மொட்டைமாடி | வியாழன், இரவு 10:55

தாமதத்துக்கு மன்னிக்கவும், விளையாடிக்கொண்டிருந்தேன்.

கேமை மூடித் திறந்தேன், மெனுவில் ஹோம் தியேட்டர் வைத்தேன். மூன்று கேமில் உடனே வந்துவிட்டது. நான்காவதற்கு மட்டும் பக்கவாட்டு 5.1ஐ விட்டுப் பின்பக்க 5.1க்கு மாற வேண்டியிருந்தது. காதோரம் அண்ணா சொன்னது சொன்னபடியே.

வந்த பிறகு ஒன்று புரிந்தது, பின் ஸ்பீக்கர் இரண்டையும் மாமா வீட்டில் இருந்த மாதிரியே சுவரின் உச்சியில் மாட்டி வைத்திருந்தேன். காலடிச் சத்தம் கூரையில் நடந்தது. எங்கே வைக்க வேண்டும்?

சீதாலட்சுமி_ஒலி | வெள்ளி, காலை 7:10

கேமுக்கு, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரம், அல்லது அதற்குச் சற்று மேல். முன் இரண்டும் நேர் எதிரிலிருந்து 30 டிகிரி விலகி. பின் இரண்டும் 100 முதல் 120 டிகிரிக்குள், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பிஎஸ்.775 பரிந்துரையில் இருப்பது இதுதான். உங்கள் தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஸ்பீக்கர் என்றால் ரிசீவரில் 'ஸ்மால்', 80 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள், அதற்குக் கீழான ஒலி சப்ஊஃபருக்குப் போய்விடும். தூரத்தையும் அளந்து ரிசீவரில் போடுங்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர்தான் போகும், பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் முந்திக்கொண்டால் திசை அந்தப் பக்கமே சாயும்.

மொட்டைமாடி | வெள்ளி, இரவு 11:30

அளந்து வைத்துவிட்டேன் அக்கா. இடப்பக்கம் 1.4 மீட்டர், வலப்பக்கம் 1.7. வலப்பக்கத்தில் பீரோ இருப்பதால் அதற்கு மேல் நெருங்க முடியவில்லை, ரிசீவரில் தூரம் போட்டதும் ஈடாகிவிட்டது. ஸ்பீக்கர் கீழே இறங்கியதும் பழைய வயர் எட்டியிருக்காது. கடையில் வாங்கிய அந்த 20 மீட்டர்தான் கதவைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

இன்று இரவு அதே நடைபாதை. பின்னால், இடது தோளுக்குப் பின்னால், ஈரத் தரையில் இரண்டு காலடி. நான் கேமில் திரும்பவில்லை, நாற்காலியில் திரும்பிப் பார்த்தேன். அம்மா தண்ணீர்ச் சொம்போடு வலப்பக்கக் கதவில் நின்றுகொண்டிருந்தார்.